தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

நெரிசலில் சிக்கினால் என் காரின் ஹீட் முள் மேலே ஏறத் தொடங்கியது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் அளவும் அடிக்கடி குறைந்தது. தெரிந்தவர் சொன்ன ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம்.

"தெர்மோஸ்டாட்தான் தண்ணியை மறிக்குது சார். கழற்றிட்டேன், இனி சூடே ஆகாது" என்றார் மெக்கானிக். புதுக் கூலண்ட் ஊற்றியதாகவும் பில்லில் எழுதியிருந்தார். தொட்டியில் பச்சை நிறம் தெரிந்தது, நம்பிவிட்டேன்.

அப்புறம் முள் பாதியைக்கூடத் தொடவில்லை. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மைலேஜ் குறைந்ததை அதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. தெர்மோஸ்டாட் உள்ளே மெழுகு வைத்த ஒரு வால்வு. பெரும்பாலான கார்களில் 82 முதல் 90 டிகிரிக்குள் மெழுகு உருகி விரிந்து, சுடுதண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். அதுவரை மூடியிருப்பதால்தான் எஞ்சின் சீக்கிரம் வேலைச் சூட்டுக்கு வருகிறது. அதை எடுத்துவிட்டால், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது மாதம், குடும்பத்தோடு மலையேறும்போது முள் மளமளவென்று ஏறியது. ஓரங்கட்ட இடம் தேடுவதற்குள் அதுவாகவே இறங்கிவிட்டது. அதைப் பார்த்து நான் தொடர்ந்து ஓட்டியதுதான் பெரிய தவறு. தன்னைத் தொடும் திரவத்தின் சூட்டைத்தான் சென்சார் காட்டும். தண்ணீர் கொதித்து வெளியேறி மட்டம் இறங்கியதும் சென்சார் வெறுமையில் நின்றிருக்கிறது. கொஞ்ச தூரத்தில் வெள்ளைப் புகை, எஞ்சின் நின்றது. பின் இருக்கையில் குழந்தைகள் பயந்து அழுதது இன்னும் மனதில் இருக்கிறது.

வேறொரு பட்டறையில் பிரித்தார்கள். எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் ஹெட் காஸ்கெட் போய், அந்த அலுமினிய ஹெட்டும் வளைந்திருந்தது. எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்து வெளிறிப்போயிருந்தது. ரேடியேட்டரிலிருந்து வந்ததோ துருவும் சாயமும் கலந்த வெறும் குழாய்த் தண்ணீர்.

மூலக் கோளாறு ரேடியேட்டர் மூடிதான் என்று சோதித்துக் காட்டினார் அங்கிருந்த மூத்த மெக்கானிக். அதன் ரப்பர் வெடித்து, அழுத்தம் பிடிக்கவில்லை. நல்ல மூடி சுமார் 1 பார் அழுத்தம் பிடித்தால், வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கிளைக்கால் (glycol) என்ற ரசாயனம் கலந்த கூலண்ட் கிட்டத்தட்ட 129 வரை தாங்கும். என் காரில் அழுத்தமும் இல்லை, கூலண்டும் இல்லை, 100 டிகிரியிலேயே கொதித்துவிட்டது. முதல் ஆள் அந்த மூடியைச் சோதிக்கவே இல்லை!

எஞ்சின் ஆறியபின், உங்கள் கண் முன்னால் சீல் உடைத்து கூலண்ட் ஊற்றச் சொல்லுங்கள், காலி டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். மூடியையும் ரேடியேட்டரையும் அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்களா, ஃபேன் சரியான சூட்டில் சுற்றுகிறதா என்று கேளுங்கள். ஓடும்போது முள் ஏறினாலும், ஏறிவிட்டுச் சட்டென்று இறங்கினாலும் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.