மாமரம் சாய்ந்த பிறகு: மரம் அகற்றும் சேவை ஒன்றைப் பற்றி

2016 டிசம்பர் 12 அன்று, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசிய வர்தா புயலைத் தாங்கி நின்ற எங்கள் சென்னை நங்கநல்லூர் வீட்டு ருமானி மாமரம், இந்தக் கோடையில் ஒரு மாலை திடீரென்று அடித்த சூறைக்காற்றில் காயும் பழமுமாக வேரோடு சாய்ந்துவிட்டது. மாமனார் கன்றாக வைத்து வளர்த்த மரம். தெருவை மறித்துக் கிடந்த கிளைகளை 1913 என்ற உதவி எண்ணுக்கு அழைத்ததும் மாநகராட்சி ஊழியர்கள் வந்து அகற்றினார்கள். மின்வாரியத்தினர் இணைப்பைத் துண்டித்துக் கொடுத்தார்கள். மதில்மேல் சாய்ந்து கிடந்த அடிமரத்தை எடுக்கத்தான் புறநகரில் இயங்கும் தனியார் குழு ஒன்றை அமர்த்தினோம்.

வேலையின் நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேஸ்திரி வந்தவுடன் ரம்பத்தைத் தொடவில்லை. மரத்தைச் சுற்றி நடந்து, எந்தக் கிளை மதிலை அழுத்துகிறது, எது வில்லாக வளைந்து விறைத்து நிற்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். வேர் பெயர்ந்த குழியருகே நின்ற என் மாமியாரிடம், "அம்மா, அந்தப் பக்கம் மட்டும் யாரும் போகாதீங்க" என்றார். பாரம் குறைந்ததும் அடித்தூர் சடாரென்று நிமிர்ந்து குழிக்குள் திரும்ப அமர்ந்துவிடுமாம். கடைசி வெட்டு விழுந்தபோது அப்படியே நடந்தது. மண்ணோடு கூடிய அவ்வளவு பெரிய வேர்ப்பகுதி ஒரு நொடியில் எழுந்து நின்றதைப் பார்த்த பிறகு, இந்த வேலையைத் தெருவில் கிடைக்கும் ஆளையும் அரிவாளையும் நம்பி ஒப்படைக்க எவருக்கும் மனம் வராது. கிளைகளைக் கயிறு கட்டி இறக்கியதால் மதிலில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை.

மரம் ஏன் விழுந்தது என்பதையும் அவர்தான் காட்டினார். தெருப்பக்கத்து வேர்கள் முறியவில்லை. முன்பே வெட்டுப்பட்டு, முனை கறுத்து உளுத்திருந்தன. வர்தாவுக்குப் பிறகு தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் வேர்களையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு பக்கப் பிடிமானம் இல்லாத மரத்துக்குக் காய் நிறைந்த தலைப்பாரமும் சேர்ந்துகொண்டால் சிறு காற்றே போதும்.

என் மனத்தாங்கல் மரத்துண்டுகளைப் பற்றியது. அடிமரத்தை ஆறடி நீளத்துக்குக் குறையாமல் விட்டுவைக்க வேண்டும் என்று தொலைபேசியில் தெளிவாகச் சொல்லியிருந்தோம். அலுவலகத்தில் இருந்தவரும் சரியென்றார். அந்தச் செய்தி மேஸ்திரியை எட்டவே இல்லை. குட்டி யானையில் ஏற்றுவதற்கு வசதியாக விறகுக்கட்டைகள்போல் அறுத்துத் தள்ளிக்கொண்டே போனார்கள். நாங்கள் ஓடிப்போய்த் தடுத்ததில் ஒரே ஒரு நீளத் துண்டு மிஞ்சியது. தேக்கும் வேம்பும் பொறுத்திருப்பதுபோல் மாமரம் பொறுத்திருக்காது என்பதால், வெட்டிப் போட்டால் பூஞ்சையும் வண்டும் விரைவில் ஏறிவிடும். எனவே மறுநாளே அதை அறுவை மில்லுக்கு அனுப்பிவிட்டோம். பலகைகள் இப்போது மாடியறையில், இடையிடையே கட்டை வைத்து அடுக்கி, நிழலில் காய்கின்றன. அவற்றில் நான்கு மணைகளாவது செய்துகொள்ளலாம் என்கிறார் தச்சர். ஒரு ஊஞ்சலே செய்திருக்கலாம் என்ற ஆதங்கம் மாமியாருக்கு இன்னும் தீரவில்லை, எனக்கும்தான்.

கட்டணம் 18,000 ரூபாய். மின்கம்பிக்கும் மதிலுக்கும் இடையில் செய்த வேலைக்கு அது நியாயமான தொகைதான். ஆனால் எடுத்துச் செல்லும் மரத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை அவர்களாகச் சொல்லவில்லை; நாங்கள் கேட்ட பிறகே 1,500 ரூபாய் கழித்தார்கள். தூர் எடுப்பது இந்தக் கணக்கில் சேராதாம். அதற்குத் தனியாகப் பேச வேண்டும்.

ஆபத்தான நிலையில் சாய்ந்து கிடக்கும் மரத்துக்கு இந்தக் குழுவையே மறுபடியும் அழைப்பேன். மரம் வேண்டுமென்பவர்கள் அலுவலகத்தின் வாய்வார்த்தையை நம்பாமல், ரம்பம் ஓடத் தொடங்கும் முன்பே மேஸ்திரியை நிறுத்தி, வெட்ட வேண்டிய இடங்களைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.