கானாடுகாத்தானில் ஆறு காஸ் விளக்குகள்

அப்பச்சியின் மணிவிழாவுக்காகக் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தோம். வீட்டிலிருந்து கோயிலுக்கு இரவில் போகும் ஊர்வலத்துக்குப் பழையபடி காஸ் விளக்குதான் வேண்டும் என்று அப்பத்தா பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், காரைக்குடியில் ஒரு வாடகைக் கடையில் ஆறு பெட்ரோமாக்ஸ் விளக்குகள் எடுத்தோம். சொன்ன நேரத்துக்கு வண்டி வந்துவிட்டது. பற்றவைக்கும்போதுதான் கோளாறு தெரிந்தது.

உடன் வந்த பையன் ஸ்பிரிட் கொண்டுவராமல், சூடேற்றும் கிண்ணத்தில் மண்ணெண்ணெயையே ஊற்றிக் கொளுத்தினான். கண்ணாடியில் கரி அப்பியது. குழாய் சூடேறுமுன் பம்ப் அடித்ததால் எண்ணெய் ஆவியாகாமல் அப்படியே பீறிட்டுக் குபீரென்று எரிந்து, மூன்று மேண்டில்கள் (சுடரில் சூடேறி வெளிச்சம் தரும் வலைப் பைகள்) உதிர்ந்தன. முதல்முறை கொளுத்தியதுமே மேண்டிலின் நூல் எரிந்துபோய், தோரியம் ஆக்சைடும் நூற்றில் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த சாம்பல்கூடுதான் மிஞ்சுகிறது. அதற்கு ஒரு விரல் பட்டாலே போதும். (அந்தத் தோரியம் அடங்கிய மோனசைட் மணலை மணவாளக்குறிச்சிக் கரையில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் கண்டறிந்தார்; தேடியது மேண்டிலுக்காகத்தான்.)

அந்தக் காலத்தில் கல்யாணங்களுக்கு விளக்குத் தூக்கிய பெரியவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தது எங்கள் நல்ல காலம். "சூடு ஏறாம பம்ப்புல கைவைக்காதீங்க தம்பி" என்றவர், முகப்புத் தூண்களுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஆசாரியிடம் ஸ்பிரிட் வாங்கிவரச் சொன்னார். கிண்ணம் நிறைய ஊற்றி, நீலச் சுடர் தணிந்து அணையப்போகும் வரை பொறுத்திருந்து, அதன் பிறகே காற்றுத் திருகை மூடிப் பம்ப் அடித்தார். காய்ந்திருந்த தோல் வாஷருக்கு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டதும் பம்ப் பிடித்துக்கொண்டது. புகையில்லை, மேண்டிலும் உதிரவில்லை.

ஆறில் ஒன்றில் மட்டும், தொட்டியின் மண்ணெண்ணெயையே காற்றழுத்தத்தால் சுடராகச் சீறவைத்துக் குழாயைச் சூடாக்கும் அமைப்பு இருந்தது. முதலில் கொஞ்சம் கூடுதலாகப் பம்ப் அடிக்க வேண்டும். ஆனால் ஸ்பிரிட்டைத் தேடி அலைய வேண்டாம். வாடகைக்கு எடுப்பவர்கள் இதையே கேட்டு வாங்கலாம்.

ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஏறக்குறைய எட்டு மணி நேரம் எரியும். எங்கள் ஊர்வலமோ ஒன்றரை மணி நேரம். கடைக்காரர்கள் ஆறு லிட்டருக்கும் பணம் வாங்கிக்கொண்டு, மீந்ததைத் தங்கள் கேனிலேயே ஊற்றிக்கொண்டார்கள். விளக்குக்கு அரை லிட்டர் ஊற்றச் சொல்லியிருந்தாலே தாராளம். உதிர்ந்த மூன்று மேண்டில்களையும் எங்கள் கணக்கில் எழுதியிருந்தார்கள். அப்பத்தா முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பேசி, ஒன்றரை மேண்டிலுக்கு மட்டும் பணம் கொடுத்து அனுப்பினார்.