யோயோவுக்குப் பருத்தி நூலா, பொலியெஸ்ரர் நூலா?

யோயோவின் நூல் அச்சில் முடியப்படுவதில்லை. ஒரே இழையை இரண்டாக மடித்து முறுக்கியிருப்பார்கள். அடி முனையின் முறுக்கை அவிழ்த்தால் வரும் கண்ணுக்குள் அச்சு தளர்வாகக் கிடக்கும். அதனால்தான் கீழே போனதும் நின்று சுழல்கிறது. லேசாகச் சுண்டினால் நூல் தளர்ந்து, அச்சைப் பிடித்து, மேலே சுருண்டுவரும்.

மர அச்சு, பெயாரிங் (அச்சில் உருளும் குண்டு வளையம்) இல்லாத அச்சு என்றால் பருத்திதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நீண்ட சுழற்சியின் உராய்வுச் சூட்டில் பொலியெஸ்ரர் உருகி அறும், பருத்தி தாங்கும். ஆனால் பருத்தி விரைவில் தேயும். வன்னியில் கார்த்திகை மழைக்காலத்து ஈரத்தில் அது அச்சை இறுக்கிப் பிடிப்பதால், யோயோ கீழே நிற்காமல் உடனே ஏறிவிடும். விரலடியில் இழை பிரிந்தால் அன்றே மாற்றுங்கள். அறுந்தால் யோயோ யார் முகத்திலும் போய் விழலாம்.

பெயாரிங் உள்ளதற்குப் பொலியெஸ்ரர். வழுவழுப்புக் கூட, நீண்ட நாளும் உழைக்கும். கிளிநொச்சிக் கடைகளில் கிடைக்கும் பொலியெஸ்ரர் தையல் நூலைப் பல இழையாகச் சேர்த்து நீங்களே முறுக்கலாம். கோடைப் புழுதியில் யோயோவைத் திறந்தபடி போட்டுவிடாதீர்கள்: மண் புகுந்தால் பெயாரிங் கரகரக்கும், அப்போது எந்த நூலும் உதவாது.

இரண்டுக்கும் நீளம் தரையிலிருந்து தொப்புள் வரை. மேல் முனையில் சிறு கண் முடிந்து, அதற்குள்ளே நூலை இழுத்தால் சுருக்கு; நடுவிரலின் முதல் இரண்டு மூட்டுகளுக்கு இடையே மாட்டுங்கள். முறுக்கு கூடினால் நூல் சுருண்டு சிக்கும். சுருக்கைக் கழற்றி, யோயோவைத் தொங்கவிட்டால் தானாகச் சுழன்று சரியாகும்.