எட்டு விமானம் என்றார்கள், பறந்தது இரண்டு

பிள்ளையை பைலட் படிப்புக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் நாமக்கல்லில் லாரி ஓட்டும் தொழில் செய்கிறவன். பழைய வண்டி வாங்கப் போனால் டயரை விரலால் தடவிப் பார்ப்பேன், ஆயில் கேஜை உருவி மோந்து பார்ப்பேன். அப்படிப்பட்ட நான்தான் 42 லட்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஏமாந்து நிற்கிறேன்.

இடம், மத்திய இந்தியாவில் ஒரு சின்ன விமானத்தளம். பயணிகள் விமானம் எதுவும் வராது. ஒரே ஓடுபாதை, விமானம் நிறுத்திவைக்கும் ஒரு ஹேங்கர், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிக்குழாய், ஒரு கேன்டீன். வழக்கு நடப்பதால் பயிற்சிப் பள்ளியின் பெயரைப் போடவில்லை.

சேர்க்கைக்குப் போன அன்று செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானம் ஒன்றைக் கழுவித் துடைத்து வெளியே நிறுத்தியிருந்தார்கள். பையனை இடது சீட்டில் உட்காரவைத்து, ஹெட்செட் மாட்டி போட்டோ எடுத்தார்கள். என் வீட்டுக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எட்டு ஏர்கிராஃப்ட் இருக்கு சார், பன்னிரண்டு மாசத்துல லைசென்ஸ்" என்றார் அட்மிஷன் பார்க்கிறவர். ஹேங்கர் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று தவணை, மூன்றும் முதல் ஆறு மாதத்துக்குள். கட்டினோம்.

கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க, அதைக் கொடுக்கும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரமாவது பையனே பைலட்டாகப் பொறுப்பேற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். 14 மாதம் கழித்து என் பையனின் லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் புத்தகத்தில், இருந்தது 61 மணி நேரம். எழுத்துத் தேர்வுகளை அவன் முன்னாலேயே எழுதித் தேறிவிட்டான், அவன் பக்கம் குறை இல்லை.

ஒவ்வொரு முறை கேட்டாலும் ஒரு காரணம் வரும். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம். சரி, வானிலையை யாரும் குறை சொல்ல முடியாது. அப்புறம் ஏவ்காஸ், அதாவது விமானப் பெட்ரோல், வரவில்லை. அப்புறம் 100 மணி நேரம் பறந்ததும் விமானத்துக்குச் செய்யும் செக். அப்புறம் இன்ஸ்ட்ரக்டர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தினமும் இரவு வாட்ஸ்அப்பில் மறுநாள் அட்டவணை வரும். அதில் பையன் பெயருக்கு எதிரே 'ஸ்டேண்ட்பை' என்று இருக்கும், விமானம் கிடைத்தால்தான் பறக்கலாம் என்று அர்த்தம். காலை ஐந்து மணிக்கே யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு, பகல் ஒரு மணிக்கு அறைக்குத் திரும்புவான். பறக்காத மாதத்துக்கும் ஹாஸ்டல் வாடகை மட்டும் தவறாமல் கேட்பார்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் நேரில் போனேன். இந்த முறை நேரே ஹேங்கருக்குள் நடந்தேன். ஒன்றுக்கு புரொப்பல்லரே இல்லை. இன்னொன்றின் மூக்கு மூடியைக் கழற்றி எஞ்சினை இறக்கியிருந்தார்கள், அந்த இடத்தில் ஒயர்கள் தொங்கின. மூன்றாவதன் இறக்கை முழுக்கப் புறா எச்சம், டயரில் காற்று இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊர் பட்டறைகளில் பார்க்காததா? நின்றுபோன வண்டியிலிருந்து சாமானைக் கழற்றி ஓடுகிற வண்டிக்கு மாட்டுகிறார்கள். ஓடத் தகுதியானது என்று நம் லாரிக்கு எடுக்கும் எஃப்.சி. மாதிரி விமானத்துக்கு ஏ.ஆர்.சி. என்று ஒன்று உண்டு, வருடத்துக்கு ஒருமுறை. எதற்கெல்லாம் அது நடப்பில் இருக்கிறது என்று கேட்டேன். "ஆபீஸ்ல கேளுங்க" என்று மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எட்டில் பறந்தது இரண்டு.

அன்று ராத்திரி ரயிலில் கணக்குப் போட்டேன். மாணவர்கள் சுமார் 70 பேர், ஆளுக்கு 200 மணி நேரம் என்றால் 14,000 மணி நேரம். இரண்டு விமானமும் தலா ஐந்து மணி நேரம் பறந்தால் ஒரு நாளைக்குப் பத்து. பனி, மழை, பழுது எதுவும் இல்லாமலே 1,400 நாள். இதைச் சேரும் முன்னாலேயே ஒரு துண்டுச்சீட்டில் போட்டுப் பார்த்திருக்கலாம்!

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தைக் காட்டினார்கள். கட்டியது திரும்பாது, பயிற்சி முடிய இவ்வளவு காலம் என்று எங்கும் இல்லை. 12 மாதம் என்பது வாய்ப்பேச்சு மட்டும்தான். பையனின் லாக்புக்கைச் சான்றிட்டுக் கொடுக்கவே இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். அது இல்லாமல் வேறு பள்ளிக்குப் போனால் அந்த 61 மணி நேரமும் போச்சு.

நீங்கள் போனால் அட்மிஷன் அறையில் உட்காராதீர்கள். கேன்டீனில் உட்காருங்கள். இந்த மாதம் எத்தனை மணி நேரம் பறந்தாய் என்று நாலு பையன்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள், லாக்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். வி.டி. என்று தொடங்கும் பதிவெண்களைக் குறித்துக்கொண்டு, இரண்டு நாள் ஓடுபாதை ஓரம் நின்று எது எது கிளம்புகிறது என்று எண்ணுங்கள். பறந்த மணிக்குத்தான் பணம் என்று ஒத்துக்கொள்ளாத இடத்தில் முன்பணம் பெரிதாகக் கொடுக்காதீர்கள்.

பையன் இப்போது வேறு ஊரில் சேர்ந்திருக்கிறான், ஒன்பது நாளில் பதினொரு மணி நேரம் பறந்தானாம். பழைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனை இன்னும் நீக்கவில்லை. நேற்றிரவும் அட்டவணை வந்தது. அவன் பெயர் இருக்கிறது, ஸ்டேண்ட்பையில்.