ஸ்பானிஷ் கற்க எந்த வழக்கு: மாத்ரித்தா, மெக்ஸிகோவா, புவனோஸ் ஐரேஸா?

ஸ்பானிஷ் படிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த நாட்டு ஸ்பானிஷ்?" என்றுதான். நியாயமான கேள்வி. 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. போர்த்தோ ரிக்கோவையும் சேர்த்தால் 21 இடம். நான் சென்னையில் மாத்ரித் வழக்குப் பாடப்புத்தகத்தை வைத்து ஆரம்பித்தேன். அப்புறம் வேலை என்னை மெக்ஸிகோவின் கெரேதரோ நகருக்குக் கொண்டுபோனது. அங்கே மூன்று வருஷம் இருந்தேன். இன்று என் வாயில் வருவது மெக்ஸிகோ ஸ்பானிஷ். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

சில விஷயங்களை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். எழுத்துமுறை எல்லா நாட்டுக்கும் ஒன்று. ஸ்பானிஷ் மொழிக்காக மாத்ரித்தில் 1713இல் தொடங்கிய அரச அகாதெமியும் மற்ற நாடுகளின் அகாதெமிகளும் சேர்ந்துதான் அகராதியையும் இலக்கண நூலையும் வெளியிடுகின்றன. கொலம்பியாவின் தலைநகர் பொகோத்தாவின் செய்தித்தாளை மாத்ரித்காரர் தடங்கல் இல்லாமல் படிப்பார். ஸ்பானிஷ் திறனுக்குச் சான்றிதழ் தரும் தேலே தேர்விலும் எந்த நாட்டு வழக்கில் பேசினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே படிப்பதையும் எழுதுவதையும் வைத்து வழக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சிக்கல் முழுவதும் காதில்தான்.

ஸ்பெயின் வழக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அங்கே 'ஸ' ஒலியும், நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் இன்னொரு ஒலியும் தனித்தனி. அதனால் 'வீடு' என்ற சொல்லும் 'வேட்டை' என்ற சொல்லும் வேறு வேறாகக் கேட்கும். லத்தீன் அமெரிக்காவில் இரண்டுமே 'காசா'தான். எழுத்துப்பிழை குறைய வேண்டும் என்றால் மாத்ரித் உதவும். ஆனால் அதோடு 'வோசோத்ரோஸ்' வரும். நெருங்கியவர்கள் பலரைச் சேர்த்து அழைக்க மட்டும் உள்ள பன்மை அது. ஒவ்வொரு காலத்திலும் அதற்குத் தனி வினைமுற்று மனப்பாடம் செய்ய வேண்டும். அட்லாண்டிக்கைத் தாண்டினால் யாரும் அதைப் பேச்சில் பயன்படுத்துவதில்லை. அங்கே நண்பர்களோ பெரியவர்களோ, பலர் என்றால் 'உஸ்தேதெஸ்' ஒன்றுதான். தமிழ் வாய்க்கு இது சட்டென்று படிந்துவிடும், ஏனென்றால் நம் 'நீங்கள்' செய்வதும் இதே வேலைதான்.

அர்ஜென்டினா வழக்கு கேட்க அழகு. 'நான்' என்று பொருள்படும் 'யோ' அங்கே 'ஷோ' ஆகும், தெரு 'காயே' என்பது 'காஷே' ஆகும். 'நீ' என்பதற்கு 'தூ' இல்லை, 'வோஸ்'. பலர் இதைக் கண்டு பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டாம். 'உன்னிடம் இருக்கிறது' எனச் சொல்ல 'தூ தியெனெஸ்' என்று நடுவில் உயிர் மாறும் வினை, அங்கே 'வோஸ் தெனேஸ்' என்று மாறாமல் நிற்கிறது. நான் அங்கே வாழ்ந்ததில்லை. கெரேதரோவில் கூட வேலை பார்த்த இரண்டு அர்ஜென்டினாக்காரர்களைக் கேட்டுத்தான் சொல்கிறேன். பொகோத்தாவில் இரண்டு வாரம் இருந்திருக்கிறேன். பேச்சு தெளிவாக இருந்தது. வீட்டுக்குள்ளேயே, ஒருவரை மரியாதையாக அழைக்கும் 'உஸ்தெத்' போட்டுப் பேசிக்கொள்வதும் காதில் விழுந்தது. மெக்ஸிகோவுக்கு அடுத்து நான் சொல்வது பொகோத்தாதான், ஆனால் இரண்டு வாரப் பழக்கத்துக்கு உள்ள எடையை மட்டும் இதற்குக் கொடுங்கள்.

இனி நான் முடிவெடுத்த காரணம். அது ஒரே ஓர் எழுத்து: சொல்லின் முடிவிலும் மெய்க்கு முன்பும் வரும் 'ஸ்'.

ஆலைக்குப் புதிதாக ஒரு கியூபாக்காரர் வந்தார். முதல் வாரம், சாப்பாட்டு மணி அடித்த நேரம், என் மேஜை ஓரம் நின்று "யா தூ கொமீதே?" என்றார். எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னார், அப்போதும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த மெக்ஸிகோகாரர் மெதுவாகச் சொன்னார்: "யா கொமீஸ்தே?" சாப்பிட்டாச்சா என்று கேட்டிருக்கிறார். நம்மூரில் தினம் பத்துப் பேர் கேட்கிற கேள்வி. ஒரு 'ஸ்' விழுந்துவிட்டதால் எனக்கு அது வேற்று மொழியாகக் கேட்டது.

இந்த 'ஸ்' வெறும் உச்சரிப்பு அலங்காரம் இல்லை, இலக்கணமே அதன் மேல்தான் நிற்கிறது. 'கோமெஸ்' என்றால் நீ சாப்பிடுகிறாய், 'கோமே' என்றால் அவர் சாப்பிடுகிறார். 'லா காசா' ஒரு வீடு, 'லாஸ் காசாஸ்' பல வீடுகள். 'ஸ்' போனால் யார், எத்தனை என்ற இரண்டும் சேர்ந்து போகும். கரீபியன் தீவுகள், வெனிசுலா, கொலம்பியாவின் கடற்கரை, சிலே, ஸ்பெயினிலேயே அந்தலூசியா எல்லாவற்றிலும் இந்த 'ஸ்' ஒரு மூச்சுக்காற்றாகத் தேயும் அல்லது மறையும். புவனோஸ் ஐரேஸிலும் மெய்க்கு முன்னால் தேயும். மெக்ஸிகோவின் மேட்டுநிலத்திலோ அது கணீரென்று நிற்கும். மெக்ஸிகோ நகரத்தார் பக்கத்து உயிரைக்கூட விழுங்குவார்கள், 'ஸ்'ஸை விடமாட்டார்கள். கற்கிறவருக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் முழு வடிவமும் முதலில் காதில் பதிகிறது. பதிந்தபின் ஒரு கியூபாக்காரர் அதைத் தேய்த்துச் சொன்னால், எது தேய்ந்தது என்று மனம் நிரப்பிக்கொள்ளும். தேய்ந்த வடிவத்தில் ஆரம்பித்தால் நிரப்புவதற்கு ஒன்றும் இருக்காது.

அப்படியானால் மாத்ரித்திலும் 'ஸ்' நிற்கிறதே என்று கேட்கலாம். நிற்கிறது. ஆனால் மாத்ரித்திலிருந்து ஹவானாவுக்குப் போகிறவர் 'ஸ்'ஸோடு சேர்த்து 'வோசோத்ரோஸ்'ஸை விட வேண்டும், பல்லிடுக்கு ஒலியை விட வேண்டும், "இன்று சாப்பிட்டேன்" என்பதற்கு மாத்ரித்தில் வழங்கும் 'எ கொமீதோ'வையும் விட்டு 'கொமீ' என்று பழக வேண்டும். மெக்ஸிகோவிலிருந்து போகிறவருக்கு அநேகமாக 'ஸ்' ஒன்றுதான் பாக்கி. ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் ஸ்பெயினில் இருக்கிறார். மெக்ஸிகோவின் மக்கள்தொகை மட்டும் 2020 கணக்கெடுப்பில் 12.6 கோடி. லத்தீன் அமெரிக்கா முழுவதும் பார்க்கும் டப்பிங் படங்களில் பெரும்பகுதி பல தலைமுறையாக மெக்ஸிகோவில்தான் குரல் பெறுகிறது. அதனால் நீங்கள் மெக்ஸிகோகாரர் மாதிரிப் பேசினால் சிலேயிலும் யாரும் நெற்றியைச் சுருக்கமாட்டார்கள்.

சொற்களும் நாட்டுக்கு நாடு மாறும். நகரப் பேருந்து மெக்ஸிகோவில் 'கமியோன்', புவனோஸ் ஐரேஸில் 'கொலெக்தீவோ', கியூபாவில் 'குவாகுவா'. அதே 'குவாகுவா' சிலேயில் கைக்குழந்தை. மெக்ஸிகோ வழக்கில், அந்நாட்டுப் பழங்குடி மொழியான நவாத்தின் சொற்கள் நிறைய. உறிஞ்சுகுழலை 'பொபோத்தே' என்று வேறு நாட்டில் கேட்டால் புரியாமல் போகலாம். இது மெக்ஸிகோ வழக்கின் உண்மையான குறை. ஆனால் சொல் தெரியாவிட்டால் கையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம், ஒரு நாளில் தீர்ந்துவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை: பேருந்தைப் 'பிடிக்க' ஸ்பெயினில் இயல்பாகச் சொல்லும் 'கொஹெர்' மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை. 'தோமார்' என்று சொல்லிப் பழகுங்கள்.

உடனே ஸ்பெயினில் குடியேறப் போகிறீர்கள் என்றால் நான் சொன்னதை விட்டுவிட்டு மாத்ரித் வழக்கையே எடுங்கள். மற்றவர்களுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். பேசுவது ஒரே வழக்கு என்று வைத்துக்கொண்டேன். ஓரளவு பேச வந்தபின், எழுத்துப்படி கிடைக்கும் கியூபா பேட்டி ஒன்றில் தினம் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டு, முதலில் கேட்டதை மட்டும் எழுதினேன். பிறகு எழுத்துப்படியோடு ஒப்பிட்டு, விழுந்த ஒவ்வொரு 'ஸ்'ஸையும் சிவப்பு மையில் போட்டேன். முதல் பக்கம் முழுக்கச் சிவப்பு. இரண்டு மாதத்தில் ஒரு பக்கத்துக்கு நாலைந்துதான். கரீபியன்காரர்கள் 'தூ'வை அடிக்கடி விடாமல் சொல்வதும் அப்போதுதான் பிடிபட்டது. வினையில் தேய்ந்த அடையாளம் அந்த 'தூ'வில் வந்து நிற்கிறது. சிலே பேட்டிகளை அதற்குப் பிறகு எடுத்தேன், அதில் இன்னும் சிவப்பு அதிகம்தான்.

அந்தக் கியூபா நண்பர் இப்போதும் வாரம் ஒரு முறை போனில் அழைக்கிறார். எடுத்ததும் அதே கேள்வி, அதே வேகம். "சி, யா கொமீ" என்கிறேன். என்ன சாப்பிட்டாய் என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.