கோவா வில்லான்னு 27,499 ரூபாய் போச்சு: ஓணம் லீவுக்குப் போறவங்க அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி படிங்க

27,499 ரூபாய். பணம் போய் இன்னைக்கு நாலாவது நாள். பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் ஊர்களிலிருந்து ஓணம் லீவுக்குக் கோவா கிளம்பற குடும்பங்கள் கண்ணில் இது படணும்.

போட்டோவும் வீடியோவும் போடற ஒரு சமூக ஊடகத் தளத்தில், கண்டோலிம் பீச் பக்கம் வில்லா வாடகைக்குன்னு ஒரு விளம்பரம். நாலு ரூம், நீச்சல் குளம், மூணு ராத்திரிக்கு 30,000. ரெண்டு ஸ்கூட்டர் இலவசம். போன் எடுத்தவன் தமிழ்லயே பேசினான். "எந்த ஊருங்ணா? வேலந்தாவளமா? செக்போஸ்ட் தாண்டினா எங்க மாமா வீடுங்ணா." அந்த ஒரு பேச்சுதான். அதுக்கப்புறம் அவன் அனுப்பின ஆதார் போட்டோ, ஜிஎஸ்டி பில், மேப் லொகேஷன் எதையும் யாரும் உரசிப் பார்க்கலை. மேப்பில் அந்த வீடு நிஜமாவே இருக்கு. அவனுக்கும் அந்த வீட்டுக்கும்தான் சம்பந்தமே இல்லை.

முதல்ல பாதி வாடகை 15,000. மறுநாள், "திருப்பித் தர்ற டெபாசிட்"னு 7,500. ஒரு மணி நேரம் கழிச்சு போன்: "7,500 ரவுண்டா இருக்கறதால சிஸ்டத்துல ஏறலைங்ணா, ஒரு 4,999 போடுங்க, டெபாசிட்டோட சேர்ந்து தானா திரும்பிரும்." மூணு தடவையும் வேற வேற க்யூஆர். பின் போடறதுக்கு முன்னாடி திரையில் வந்த பேரும் வேற வேற. கேட்டதுக்கு, "அக்கவுண்டன்ட் கணக்குங்ணா." ஆக 27,499.

அப்புறம் "48 மணி நேரத்துல ரிட்டன் வந்துரும்"னு ரெண்டு நாள் இழுத்தான். அந்த இழுப்புக்கு அர்த்தம் இப்பத்தான் புரியுது. உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டா, பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் மிச்சம் இருக்கறதை முடக்க வழி இருக்கு. ரெண்டு நாளில் அது கணக்கு கணக்கா மாறி ஏடிஎம் வழியா வெளியே போயிரும். நாம போன் அடிக்காம இருக்கத்தான் அந்த 48 மணி நேரம்.

பேங்கில், "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." அந்தத் தளத்தில் புகார் கொடுத்தா, "எங்கள் விதிமுறைகளை மீறவில்லை"ன்னு ஒரு வரி பதில். ஸ்டேஷனில், "கோவா விஷயம், அங்க போய்க் குடுங்க." இது தப்பு. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியே ஆகணும், சட்டம் அப்படித்தான் சொல்லுது. 27,499 ரூபாய் போன குடும்பம் கோவாவுக்கு இன்னொரு டிக்கெட் போட்டு அலையணுமா?

வயித்தெரிச்சல் என்னன்னா, பொய் எல்லாம் அந்த விளம்பரத்திலேயே இருந்துச்சு. "போர்த்துகீசிய கவர்னர் 1965-ல் கட்டிய மாளிகை"ன்னு போட்டிருந்தான். 1510-ல் வந்த போர்த்துகீசியர் ஆட்சி 1961 டிசம்பர் 19-ஓட முடிஞ்சு போச்சு. அந்தக் காலத்து வீடுன்னா வாசலில் பல்காவ்னு சொல்ற திண்ணை வெச்ச முகப்பு இருக்கும், ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலா சிப்பி ஓடு பதிச்சிருப்பாங்க. போட்டோவில் இருந்தது அலுமினிய ஜன்னல்.

"பழைய கோவா சர்ச்சுக்கு நடந்தே போகலாம்"னான். கண்டோலிம் மாண்டவி ஆத்துக்கு வடக்கே, கடலோரம். பிரான்சிஸ் சேவியர் உடல் இருக்கிற பாம் ஜீசஸ் பேராலயம் ஆத்துக்குத் தெற்கே, பணஜியும் தாண்டிக் கிழக்கே. ஆத்தைத் தாண்டாம போக முடியாது. பாலோலேம் பீச் 15 நிமிஷமாம். அது தென்கோடியில, 70 கிலோமீட்டருக்கு மேலே. மட்காவ் ஸ்டேஷன்ல இறங்கச் சொன்னான். கண்டோலிமுக்குக் கிட்ட இருக்கறது திவிம். பாராசெய்லிங்கும் சேர்த்துன்னான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், கடல் விளையாட்டுக்கே அங்கே தடை. ஓணத்துக்கு எங்கே பறக்கறது?

பில்லில் ஜிஎஸ்டி எண் 27-ல ஆரம்பிச்சுது. அது மகாராஷ்டிரா. கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33, கோவாவுக்கு 30. கோவாவில் இருக்கிற வீட்டுக்கு வீட்டுக்காரன் போடற பில் 30-லதான் ஆரம்பிக்கணும். 15 எழுத்தையும் ஜிஎஸ்டி தளத்தில் போட்டா யார் பேரில் இருக்குன்னு காசில்லாம காட்டும்.

எதெதைப் பார்க்கணும்னு விலாவாரியா எழுத நினைச்சேன், இப்ப மனசு ஓடலை. சட்டுனு இவ்வளவுதான்:

கோவா சுற்றுலாத் துறைப் பதிவுச் சான்று கேளுங்க, வாடகைக்கு விடற வீட்டுக்கு அது கட்டாயம். வீடியோ கால்ல வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் காட்டச் சொல்லுங்க, பழைய வீடியோவை நம்பாதீங்க. திரையில் வேற பேர் வந்தா பின் போடாதீங்க. வாடகை ஸ்கூட்டர் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தா இருக்கணும். அவன் காட்டினது வெள்ளைப் பலகை, ஓட்டினா போலீஸ் நம்மைத்தான் பிடிக்கும். பணம் போயிருச்சுன்னு சந்தேகம் வந்த நிமிஷமே 1930.

அந்த விளம்பரப் பக்கம் நேத்து பேர் மாத்தியிருக்கு. அதே நீச்சல் குளம், அதே அலுமினிய ஜன்னல், வாடகை இப்போ 24,000.