52 எபிசோட், 4 டிஸ்க், 38 வெள்ளி: ‘ஆங்கில சப் உண்டு’ என்ற அனிமே பெட்டியை வாங்காதீர்கள்

ஜப்பானிய ஒலி, ஆங்கில டப் (மாற்றுக் குரல்), ஆங்கில சப் (திரையின் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்து) மூன்றும் உண்டு, முழு அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரும் ஒரே பெட்டியில், விலை 38 வெள்ளி. சிங்கப்பூரின் ஆன்லைன் சந்தைகளில் இப்படி ஓர் அறிவிப்பைப் பார்த்தால் பணம் கட்டாதீர்கள். அப்படி வாங்கி ஏமாந்த ஒரு பெட்டியின் நான்கு டிஸ்க்கையும் முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறோம். விற்றவர் பெயரைப் போடவில்லை. அந்தக் கணக்கு மூடப்பட்டாலும் அதே படங்களோடு வேறொரு கணக்கில் அதே பெட்டி விற்பனைக்கு வரும். பெட்டியை அடையாளம் கண்டுகொள்ளத் தெரிந்தால்தான் தப்பிக்கலாம்.

படம் மங்கலாக இருப்பதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். சப் பொய்யாக இருப்பதைப் பலர் தொடர் முழுவதையும் பார்த்து முடித்த பிறகும் கண்டுபிடிப்பதில்லை. அதனால் அதை முதலில் சொல்கிறோம்.

முதல் இரண்டு டிஸ்க்கில் இருந்தது ஜப்பானிய வசனத்தின் மொழிபெயர்ப்பு அல்ல. ஆங்கில டப்பில் பேசுவதை அப்படியே தட்டச்சு செய்து, ஜப்பானிய ஒலிக்குக் கீழே ஓடவிட்டிருக்கிறார்கள். ரசிகர்கள் இதை டப்டைட்டில் என்பார்கள். டப் எழுதுபவர் வசனத்தைக் கதாபாத்திரத்தின் வாயசைவுக்குள் அடக்க வேண்டும். வாய் நான்கு முறை அசைந்தால் வசனமும் அவ்வளவுக்குத்தான் இருக்க முடியும். அதற்காகச் சொற்களைக் கூட்டுவார், குறைப்பார், சில இடங்களில் நகைச்சுவையையே மாற்றுவார். காதால் கேட்பதற்கு அது நல்ல வேலை. டப் பார்ப்பவர்களை மட்டம் தட்டும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் அந்த எழுத்தை ஜப்பானிய ஒலிக்கு சப் என்று விற்பது மோசடி. மூலத்தில் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ளத்தானே சப் வாங்குகிறோம்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். டிஸ்க்கைக் கணினியில் போட்டு விஎல்சி என்ற காணொளி மென்பொருளில் திறங்கள். ‘பி’ (B) விசை ஒலியை மாற்றும், ‘வி’ (V) விசை சப்பை மாற்றும். ஜப்பானிய ஒலியையும் ஆங்கில சப்பையும் வைத்துக்கொண்டு, ஒருவர் முதுகைக் காட்டி நிற்கும் காட்சியையோ, தூரத்தில் நடந்துபோகும் காட்சியையோ தேடுங்கள். வாய் தெரியாத இடங்களில்தான் டப்பில் கூடுதல் வசனம் சேர்ப்பார்கள். ஜப்பானிய ஒலியில் யாரும் பேசாத நேரத்தில் திரையில் எழுத்து வந்தால், அது டப்டைட்டில். எங்கள் கைக்கு வந்த பெட்டியில் ஒரு பெண் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்க்கிறாள். மழைச்சத்தம் மட்டுமே கேட்கிறது. கீழே இரண்டு வரி வசனம் ஓடுகிறது. உடனே ‘பி’யை அழுத்தி டப்புக்கு மாற்றினால் அந்த இரண்டு வரியும் சொல் மாறாமல் கேட்கிறது. இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

தொடக்கப் பாடலையும் கவனியுங்கள். டப்பில் பாடலைப் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே விட்டுவிடுவார்கள் என்பதால் டப்டைட்டிலில் பாடல் வரி இருக்காது. கடிதம், கடைப்பலகை, கைப்பேசிச் செய்தி ஆகியவையும் மொழிபெயர்ப்பில்லாமல் போகும். ஆனால் ‘சான்’, ‘சென்பாய்’ போன்ற ஜப்பானிய மரியாதைச் சொல் காதில் கேட்டும் திரையில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். முறையான சப்பிலும் பல மொழிபெயர்ப்பாளர்கள் அதை விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது டிஸ்க்கிலிருந்து கதை வேறு. அங்கே இருந்தது சீன சப்பிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியது. காதில் ‘தனாகா’ என்று கேட்கிறது, திரையில் ‘டியான்ஜோங்’ என்று வருகிறது. ‘சுசுகி’ திரையில் ‘லிங்மு’ ஆகிறார். ஜப்பானியப் பெயரைக் கான்ஜி எழுத்தில் (ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்து) எழுதி, அதே எழுத்தை மாண்டரினில் வாசித்தால் இப்படித்தான் வரும். இரண்டாவது டிஸ்க் வரை பழகிய கதாபாத்திரம் மூன்றாவதில் வேறு பெயரோடு வந்து நிற்கிறது. சந்தைப் பக்கத்தில் விற்பவர் காட்டும் மாதிரிப் படங்கள் எல்லாம் முதல் டிஸ்க்கிலிருந்து எடுத்தவை. அதனால் கடைசி டிஸ்க்கின் கடைசி எபிசோடிலிருந்து சப்போடு கூடிய படம் ஒன்றைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் பேரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படத்துக்கு வருவோம். 52 எபிசோட் 4 டிஸ்க்கில் என்றால் டிஸ்க்குக்கு 13. எபிசோட் 24 நிமிடம் என்றால் 312 நிமிடம். வந்தவை ஒற்றை அடுக்கு 4.7 ஜிபி டிவிடி. வகுத்துப் பாருங்கள்: படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து நொடிக்குச் சுமார் 2 மெகாபிட்தான் கிடைக்கும். அதே டிஸ்க்கில் 4 எபிசோட் மட்டும் வைத்தால் 6.5 மெகாபிட். இரவுக் காட்சியிலும் வேகமான சண்டையிலும் திரை கட்டம் கட்டமாக உடைவதற்கு இதுதான் காரணம். டிவியில் ஷார்ப்னஸைக் கூட்டினால் கட்டங்கள்தான் இன்னும் தெளிவாகத் தெரியும். முறையான வெளியீட்டில் 8.5 ஜிபி டிஸ்க்குக்குப் பெரும்பாலும் 4 முதல் 7 எபிசோட் வரை வைப்பார்கள். ஆகவே எபிசோட் எண்ணிக்கையை டிஸ்க் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை, அதுவும் வாங்கும் முன்பே செய்யக்கூடிய சோதனை.

டிஸ்க்கின் அடிப்பக்கம் ஊதா நிறத்தில் இருந்தால் அது கணினியில் எழுதியது, ஆலையில் அச்சானது அல்ல. வெள்ளி நிறமாக இருந்துவிட்டால் அசல் என்றும் ஆகாது. போலிகளையும் ஆலையில் அச்சடிக்கிறார்கள். மின்னும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் உரிமத்துக்குச் சாட்சி அல்ல. பெட்டியின் பின்னால் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரும் ரீஜன் எண்ணும் (எந்த வட்டாரத்துப் பிளேயரில் ஓடும் என்பதைக் காட்டுவது) இருக்கிறதா என்று பாருங்கள். டிவிடியில் சிங்கப்பூர் ரீஜன் 3, அமெரிக்கா 1, ஜப்பான் 2. நீண்ட தொடரின் பெட்டியில் ‘ரீஜன் ஆல்’ என்று கண்டால் சந்தேகப்படுங்கள். அசல் வேண்டுமென்றால் புளூரே நல்ல வழி: சிங்கப்பூர், ஜப்பான், அமெரிக்கா மூன்றும் அதில் ரீஜன் ஏ, இங்குள்ள பிளேயரிலேயே ஓடும். பிரிட்டன், ஆஸ்திரேலியப் பதிப்புகள் ரீஜன் பி என்பதால் ஓடாமல் போகலாம். ஜப்பானியப் பதிப்பில் பல நேரம் ஆங்கில சப்பே இருக்காது. அதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இத்தனை தெரிந்தவர்களும் இந்தப் பெட்டிகளை வாங்குகிறார்கள் என்றால், உரிம நிறுவனங்கள் மீது இங்குள்ள ரசிகர்களுக்கு இருக்கும் கோபமும் அதற்கு ஒரு காரணம். அந்தக் கோபம் வெறும் பிடிவாதம் அல்ல. 2007இல் அனிமே விநியோக நிறுவனமான ஓடெக்ஸ், அனுமதியின்றி அனிமே பதிவிறக்கம் செய்தவர்களிடம் 3,000 முதல் 5,000 வெள்ளி வரை கேட்டுக் கடிதம் அனுப்பியது இங்கே பலருக்கு இன்னும் மறக்கவில்லை. வாடிக்கையாளர் விவரங்களைத் தர மறுத்து இணையச் சேவை நிறுவனமான பசிபிக் இன்டர்நெட் நீதிமன்றத்தில் நின்றதும், பிறகு 2008 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த விவரங்களை ஜப்பானிய உரிமையாளர்களிடம் கொடுக்கச் சொன்னதும் அந்தக் காலத்து ரசிகர்களுக்கு மனப்பாடம். 2024 ஏப்ரல் 2ஆம் தேதி ஃபனிமேஷன் என்ற அமெரிக்க அனிமே ஸ்ட்ரீமிங் சேவை மூடப்பட்டபோது, டிஸ்க்கோடு வந்த குறியீட்டைப் பதிந்து வைத்திருந்தவர்களின் டிஜிட்டல் பிரதிகளும் அதோடு போயின. காசு கொடுத்து நேர்மையாக வாங்கியவர்களுக்கு நேர்ந்தது அது. கோபப்பட முழு நியாயம் இருக்கிறது.

ஆனாலும் போலிப் பெட்டிக்காரருக்குக் கொடுக்கும் 38 வெள்ளியால் அந்த நிறுவனங்களுக்கு எந்தப் பாடமும் போகாது. மொழிபெயர்த்தவருக்கும் குரல் கொடுத்தவருக்கும் அதில் ஒரு காசுகூடப் போகாது என்பதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. மியூஸ் ஏஷியா, அனிஒன் ஏஷியா யூடியூப் பக்கங்களில் தென்கிழக்காசியாவுக்கு உரிமம் பெற்ற தொடர்கள் பல ஆங்கில சப்போடு இலவசமாகவே இருக்கின்றன. டப் பிரியர்களுக்குத்தான் சிக்கல். உரிமங்கள் வட்டாரம் வட்டாரமாக விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் செய்த ஆங்கில டப்புக்குத் தனி உரிமை. அதனால் ஒரு தொடரின் சப் இங்கே கிடைத்து, டப் கிடைக்காமல் இருப்பது சாதாரணம். தமிழ் டப்பும் அப்படியே: இந்தியாவில் அறிவித்துவிட்டார்கள் என்பதற்காக ஸ்ட்ரீமிங் சேவையின் ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிடாதீர்கள். இங்கிருந்தே அந்தத் தொடரின் பக்கத்தைத் திறந்து, ஒலிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கட்டுங்கள். ‘டப் முழுவதும் திறந்த ஓராண்டுக் கணக்கு, 15 வெள்ளி’ என்று விற்பவர்களை நம்பவே வேண்டாம். அசல் உரிமையாளர் கடவுச்சொல்லை மாற்றினால் அன்றோடு முடிந்தது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: ‘பொருள் கிடைத்தது’ பொத்தானை அழுத்தாதீர்கள். விற்பனைப் பக்கத்தை முழுமையாகத் திரைப்பிடிப்பு எடுங்கள். புகார் போனதும் அந்தப் பக்கம் மறைந்துவிடும். அடுத்து, யாரும் பேசாத நேரத்தில் எழுத்து ஓடும் இடத்தை, நிமிடமும் நொடியும் தெரியும்படி காணொளியாகப் பிடியுங்கள். டிஸ்க்கின் அடிப்பக்கத்தையும் படமெடுங்கள். முறையீட்டில் ‘தரம் சரியில்லை’ என்று எழுதினால் பாதிப் பணம் தருகிறோம் என்று பேரம் பேசுவார்கள். ‘விளம்பரத்தில் சொன்ன பொருள் அல்ல, போலி’ என்று எழுதுங்கள். திருப்பி அனுப்பும் செலவை உங்கள் தலையில் கட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பும் கூலியே பெட்டி விலையைத் தாண்டிவிடும். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் பரிவர்த்தனையை மறுக்கலாம். பேநவ் எனும் உடனடி வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்பிய பணத்தை மீட்பது கடினம், அதனால்தான் இந்த விற்பனையாளர்கள் அதையே கேட்கிறார்கள்.

விற்றவர் உள்ளூர் வியாபாரி என்றால் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளி, இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாது. ஆனால் எதிர்த்தரப்பின் உண்மையான பெயரும் முகவரியும் கையில் இருக்க வேண்டும். புனைபெயரும் அரட்டைப் பெட்டியும் மட்டும் இருந்தால் மனுவையே நிரப்ப முடியாது. ஆகவே பணம் கட்டும் முன், ரசீதில் என்ன பெயர் வரும் என்று கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.